கரகரப்பு எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிக்கப் வண்டிகளின் நான்கு சக்கர இயக்கத்தில் எழும் சத்தங்களைப் பற்றியவை என்பதால், இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கீழே 2எச் என்று வருவது பின்சக்கரங்கள் மட்டும் வண்டியைத் தள்ளும் சாதாரண நிலை. 4எச் என்பது நான்கு சக்கரங்களும் இயங்கும் நிலை. 4எல் என்பதும் நான்கு சக்கர இயக்கமே. ஆனால் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் குறைப்புக் கியரின் வழியாக வேகம் குறைந்து, இழுவிசை கூடி வருவது. தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களை இணைத்துக்கொள்ளும் 'பார்ட் டைம்' வகை வண்டிகளை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன். எப்போதும் நான்கு சக்கரத்தில் ஓடும், நடுவிலும் ஒரு டிஃபரென்ஷியல், அதாவது இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடங்கொடுக்கும் கியர் அமைப்பு, கொண்ட வண்டிகளுக்கு இவற்றில் சில பொருந்தமாட்டா.

கேள்வி: ஐயா, வணக்கம். என் பெட்ரோல் பிக்கப்புக்கு ஐந்து வயதாகிறது. 2எச் நிலையில் சமதளத்தில் ஓடும்போது எந்தச் சத்தமும் இல்லை. மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மேட்டில் ஏறத் தொடங்கி ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தினால், முன்புற இடது பக்கத்திலிருந்து பல்லோடு பல் உரசுவதைப் போலக் 'கரகர'வென்று சத்தம் வருகிறது. காலை எடுத்தால் சில வினாடிகளில் நின்றுவிடுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்று ஒரு பணிமனையில் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களில் டிரான்ஸ்ஃபர் கேஸைக் குற்றஞ்சாட்ட ஒன்றுமே இல்லை. அதைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய எளிய சோதனைகள் நான்கைந்து இருக்கின்றன.

2எச் நிலையில் முன்பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னே செல்லும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு அப்போது விசை போவதில்லை. முன்சக்கரங்கள் தரையில் உருள்கின்றன. ஆனால் சக்கரத்தின் மையப் பகுதியான ஹப்புக்கும் அதற்குள் நுழையும் ஆக்சில் ஷாஃப்டுக்கும் இடையே உள்ள இணைப்பு விடுபட்டிருப்பதால், ஆக்சில் ஷாஃப்ட், முன் டிஃபரென்ஷியல், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகிய மூன்றும் ஏறத்தாழ அசையாமல் நிற்கின்றன. இந்த இணைப்பை விடுவிப்பதும் பூட்டுவதும் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும்; சிலவற்றில் ஹப்புக்குப் பதிலாக முன் ஆக்சிலின் ஒரு பக்கத்தை மின்மோட்டார் துண்டிக்கும், அவற்றில் ஆக்சில் ஷாஃப்டுகள் முழுதாக நிற்பதில்லை. வேறு சிலவற்றில் என்ஜினின் உறிஞ்சு விசை, அதாவது வேக்குவம், ஹப்புக்குள் இருக்கும் பல்வளையத்தைப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கும். 4எச் போடும்போது வேக்குவம் துண்டிக்கப்பட்டு, ஒரு ஸ்பிரிங் அந்த வளையத்தைத் தள்ளிப் பல்லோடு பல் சேர்த்துவிடும். உங்கள் வண்டி இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது என்பது என் ஊகம். கையேட்டில் பார்த்து முதலில் இதை உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் இனிமேல் நான் சொல்வதெல்லாம் இந்த ஊகத்தைச் சார்ந்தது.

பெட்ரோல் என்ஜின் சும்மா ஓடும்போது காற்று உள்ளே செல்லும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டில் ஏறக்குறைய 450 முதல் 530 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு வேக்குவம் இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த அது குறையும். முழுதாக அழுத்தினால் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். அமைப்பு நல்ல நிலையில் இருந்தால் இதனால் ஒரு கெடுதலும் இல்லை, ஏனெனில் வழியில் உள்ள ஒருவழி வால்வு ஏற்கெனவே இழுத்துவைத்த வேக்குவத்தைத் திரும்பப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். எங்கேனும் ஒரு குழாய் வெடித்திருந்தாலோ அந்த வால்வு பழுதாகியிருந்தாலோ, மேட்டில் ஏறும்போது மட்டும் இழுவை தளரும். ஸ்பிரிங் பல்வளையத்தை ஓரளவுக்கு முன்னே தள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் ஹப்பின் பற்களும் நின்றுகொண்டிருக்கும் ஷாஃப்டின் பக்கத்துப் பற்களும் நுனியோடு நுனி மோதும். நீங்கள் கேட்கும் கரகரப்பு இதுதான் என்று நினைக்கிறேன். காலை எடுத்ததும் வேக்குவம் மீண்டு வளையம் பின்வாங்குவதால் சத்தமும் நின்றுவிடுகிறது.

உறுதி செய்யும் வழி எளிது. ஜல்லி பரவிய அல்லது ஈரமான, நேரான ஒரு பாதையில், கையேடு அனுமதிக்கும் வேகத்துக்குள் 4எச் போட்டு, அதே போன்ற மேட்டில் ஏறிப் பாருங்கள். சத்தம் முற்றிலும் மறைந்தால் பழுது ஹப்பின் இணைப்பில்தான் இருக்கிறது. 4எச் நிலையில் பற்கள் முழுதாகச் சேர்ந்து ஒரே வேகத்தில் சுற்றுவதால் உரசுவதற்கு வழியில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் பழுதாகியிருந்தால் நேர்மாறாக நடந்திருக்க வேண்டும். முன்பக்கத்துக்கு விசையைக் கடத்தும் செயினும் அதன் பேரிங்குகளும் வேலை செய்யத் தொடங்குவதே 4எச் போட்ட பிறகுதான். சும்மா இருந்தபோது கத்திய ஒன்று சுமை ஏறியதும் வாயை மூடிக்கொள்வது அரிது.

அடுத்தது பணிமனையில் செய்ய வேண்டியது. பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் பார்க்கிங் நிலையில் இருக்க, 2எச் நிலையில் என்ஜினை ஓடவிட்டு, இடது முன்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சக்கரம் மட்டும் சுற்ற வேண்டும். அதன் உள்பக்கத்தில் தெரியும் ஆக்சில் ஷாஃப்ட் அசையக்கூடாது. வலது பக்கத்திலும் இதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள். பிறகு கையால் இயக்கும் வேக்குவம் பம்பை நேராக ஹப்பின் குழாய்முனையில் பொருத்தி 500 மில்லிமீட்டர் வரை இழுத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். முள் இறங்கினால் ஹப்பில் பல்வளையத்தை அசைக்கும் ஆக்சுவேட்டரின் ரப்பர் ஓட்டையாகிவிட்டது. முள் அப்படியே நின்றால் ஆக்சுவேட்டர் நன்றாக இருக்கிறது. குழாய்கள், ஒருவழி வால்வு, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு என்று என்ஜினை நோக்கிப் பின்னால் தேடிக்கொண்டு போங்கள். சோலினாய்டின் காற்றுவாய் வழியாகத் தண்ணீர் புகுந்து அதைக் கெடுப்பதும், குழாய் வளையும் இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் விழுவதும் நான் பலமுறை பார்த்தவை. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் குழாயின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே பம்பில் பொருத்தித்தான் கண்டுபிடிக்க முடியும்.

காரணத்தைச் சரிசெய்த பின் ஹப்பைக் கழற்றிப் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நுனிகள் மழுங்கி உருண்டிருந்தால் குழாயை மாத்திரம் மாற்றிப் பயனில்லை, ஏனெனில் அந்தப் பற்கள் 4எச் நிலையில் சுமை தாங்காமல் வழுக்கும். அதனால் இந்தச் சத்தத்துடன் மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். இன்றைக்கு ஒரு ரப்பர் குழாயோடு முடியக்கூடியது நாளைக்கு ஹப்பையும் ஷாஃப்டின் ஸ்பிளைனையும், அதாவது அதன்மேல் நீளவாக்கில் வெட்டிய பற்களையும், இழுத்துக்கொண்டு போகும்.

ஒருவேளை 4எச் போட்ட பிறகும் சத்தம் அதேபோல் தொடர்ந்தால் என் ஊகம் தவறு. அப்போது சக்கரத்தின் பேரிங்கைப் பாருங்கள். சமமான வேகத்தில் போகும்போது ஸ்டியரிங்கை மெல்ல வலப்பக்கம் ஒடித்தால் வண்டியின் எடை இடப்பக்கம் சாயும். அப்போது சத்தம் கூடி, இடப்பக்கம் ஒடிக்கும்போது குறைந்தால், இடது பேரிங்கின்மீது சந்தேகம் விழும். சாலையின் மேற்பரப்பு மாறும்போதெல்லாம் சத்தமும் மாறினால் அது டயரின் சத்தம்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், சத்தம் கியர் லீவருக்கு அடியிலிருந்து வருகிறது என்று காதை மட்டும் நம்பி, நண்பர் ஒருவரின் வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸை நான் பிரித்துப் போட்டேன். உள்ளே எல்லாம் புதிதுபோல் இருந்தன. பழுது முன்சக்கரத்தின் பேரிங்கில் இருந்தது. சேசிஸ் இரும்பு அந்தச் சத்தத்தை இரண்டு மீட்டர் தள்ளிக் கொண்டுவந்து கொடுத்திருந்தது. அன்று முதல், சத்தம் எங்கே கேட்கிறது என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதையே முதலில் எழுதிக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் கடிதத்தில் அதை மிகத் தெளிவாக எழுதியிருந்ததால்தான் வண்டியைப் பார்க்காமலே இவ்வளவும் சொல்ல முடிந்தது.

கேள்வி: 4எச் போட்டுத் தார்ச்சாலையில் வண்டியைத் திருப்பினால் பின்னிருந்து 'டக்', 'டங்' என்று அடிப்பதுபோல் சத்தம் வருகிறது, வண்டி குதிக்கிறது, பிறகு 2எச்சுக்கு மாற்றினால் லீவர் வரமாட்டேன் என்கிறது. புதிய வண்டி. இது உற்பத்திக் குறைபாடா?

பதில்: குறைபாடு இல்லை. உலர்ந்த தார்ச்சாலையில் பார்ட் டைம் 4எச் போட்டது மட்டுமே தவறு.

4எச் நிலையில் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டும் பின் புரொப்பெல்லர் ஷாஃப்டும் இறுகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் செல்ல வேண்டியிருக்கிறது. அச்சுகளுக்கு இடையே 3.1 மீட்டர் உள்ள ஒரு பிக்கப்பை, முன் அச்சின் நடுப்பகுதி 6 மீட்டர் ஆரத்தில் செல்லும்படி திருப்பினால், பின் அச்சின் நடுப்பகுதி 5.1 மீட்டர் ஆரத்தில்தான் செல்லும். ஒரு முழு வட்டத்துக்கு முன்னே ஏறத்தாழ 37.7 மீட்டர், பின்னே 32.3 மீட்டர், ஐந்து மீட்டருக்கு மேல் வித்தியாசம். மண்ணிலும் சேற்றிலும் டயர்கள் சற்று வழுக்கி இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். தார் விட்டுக்கொடுக்காது. ஷாஃப்டுகள் கயிறுபோல் முறுக்கேறி, தாங்க முடியாத ஒரு கணத்தில் ஏதாவது ஒரு டயர் துள்ளி விடுபடும்போது வருவதுதான் அந்த அடி. முறுக்கு மிச்சமிருக்கும்வரை கியரின் பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால் லீவரும் வராது. நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு தளர்ந்து லீவர் தானாகவே வந்துவிடும். பலத்தைக் காட்டி இழுத்து, உள்ளே கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்கை வளைத்துவிடாதீர்கள்.

நேராகப் போகும்போதும் இப்படி முறுக்கேறினால் மட்டும் கவலைப்படலாம். அப்போது நான்கு டயர்களையும் அளந்து பாருங்கள். முன் டயர்கள் தேய்ந்து, பின் டயர்கள் புதிதாக இருந்து, சுற்றளவில் 2 சதவீதம் வேறுபட்டால்கூட, 2.35 மீட்டர் சுற்றளவுள்ள டயருக்குக் கிலோமீட்டருக்கு எட்டு, ஒன்பது சுற்றுகள் வித்தியாசம் வரும். டயரின் மேல் டேப்பைச் சுற்றி அளப்பது சரியான அளவைத் தராது. காற்றழுத்தத்தைச் சரிசெய்து, டயரிலும் தரையிலும் சாக்கட்டியால் குறியிட்டு, வண்டியைப் பத்துச் சுற்று உருட்டி, தரையில் கடந்த தூரத்தை அளந்து பத்தால் வகுங்கள்.

கேள்வி: டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை மாற்றியதிலிருந்து கியர் மாறும்போது கரகரக்கிறது. ஆயில் காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கக்கூடும். சில டிரான்ஸ்ஃபர் கேஸ்களுக்கு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில் வேண்டும்; சிலவற்றுக்குக் கெட்டியான கியர் ஆயில் வேண்டும். வெளியே பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. கையேட்டில் உள்ளதை ஊற்றுங்கள். டிஃபரென்ஷியலுக்கென வாங்கிய ஜி.எல்.-5 ஆயில் மிச்சமிருக்கிறது என்பதற்காக, கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் உள்ள பெட்டியில் அதை ஊற்றுவது நல்லதல்ல. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் உள்ள பின் ஆக்சிலில், ஆயில் மாற்றிய பிறகு வளைவுகளில் மட்டும் முனகல் வந்தால், அதற்கான, உராய்வை மாற்றும் கலவையான ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரைச் சேர்க்க மறந்திருப்பார்கள்.

கேள்வி: நின்ற இடத்திலிருந்து வண்டியை எடுக்கும்போதும், டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் அடியில் 'டங்' என்று ஒரே ஒரு அடி. மெதுவாகப் போகும்போது சில நாட்களில் குருவி கத்துவதுபோல் 'கீச் கீச்' என்றும் கேட்கிறது. இரண்டும் ஒரே காரணமா?

பதில்: ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது சத்தத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது காரணத்தை நேராகச் சுட்டும். மெல்லப் போகும்போது வந்து, வேகத்துக்கேற்ப விரைந்து, வேகம் கூடியதும் மற்ற சத்தங்களில் கரைந்துபோகும் கீச்சொலி, பெரும்பாலும் ஷாஃப்ட் கோணத்தோடு சுற்ற இடங்கொடுக்கும் யுனிவர்சல் ஜாயிண்டின், அதாவது பணிமனையில் 'கிராஸ்' என்று சொல்லும் பாகத்தின், ஊசி பேரிங்குகள் கிரீஸ் இல்லாமல் வறண்டுபோனதால் வருவது. அந்தக் கிராஸின் மூடிகளைச் சுற்றித் துருப்பொடி செம்பழுப்பாகக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். கசிந்திருந்தால் வேறு சோதனையே வேண்டாம். உள்ளே ஊசிகள் பொடியாகிக்கொண்டிருக்கின்றன. கிரீஸ் அடித்தால் கீச்சொலி சில நாட்களுக்கு அடங்கும்; தேய்ந்த உலோகம் திரும்பி வராது. கிராஸை மாற்றிவிடுங்கள். வேகமாகப் போகும்போது கிராஸ் உடைந்து ஷாஃப்ட் தரையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதைத் தள்ளிப்போட மனம் வராது.

'டங்' என்ற அடி, விசையின் திசை மாறும் கணத்தில் எங்கோ ஒரு இடைவெளி சாத்தப்படும் ஒலி. சமதளத்தில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, என்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் இருபுறமும் திருப்பிப் பாருங்கள். கிராஸின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால் ஆட்டம் கிராஸில் இருக்கிறது. கிராஸ் இறுக்கமாக இருந்து, ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் ஸ்பிளைனில் ஆட்டம் தெரிந்தால் தேய்மானம் அங்கே. இரண்டும் இறுக்கமாக இருந்தும் ஷாஃப்ட் சிறிது திரும்பிய பிறகே டிஃபரென்ஷியலின் உள்ளே 'டக்' என்று முட்டினால், அது கிரவுன் என்னும் பெரிய பல்வளையம், அதைச் சுற்றவைக்கும் பினியன் என்னும் சிறு கியர், உள் கியர்கள் எல்லாவற்றின் இடைவெளியும் சேர்ந்தது. இந்தக் கடைசி இடைவெளி ஓரளவுக்கு எல்லா வண்டிகளிலும் இருப்பதுதான்; அதைக் கண்டு டிஃபரென்ஷியலைப் பிரிக்கச் சொல்பவர்களிடம் அவசரப்படாதீர்கள்.

ஆட்டம் எங்குமே இல்லாமல், வண்டி நின்ற பிறகு ஒன்றிரண்டு வினாடி கழித்து அடி கேட்டால், வறண்ட ஸ்பிளைன் பிடித்துக்கொண்டிருந்து பின் நழுவுகிறது என்று பொருள். கழற்றித் துடைத்துக் கிரீஸ் பூசினால் போதும். கழற்றுவதற்கு முன் இரண்டு பாதிகளிலும் ஒரு கோடு போட்டுவையுங்கள். அதன் காரணத்தைக் கடைசிக் கேள்வியின் பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: 2எச் நிலையில் எல்லாம் நன்றாக இருக்கிறது. 4எல் போட்டுச் சுமையோடு சேற்றிலிருந்து ஏறும்போது மட்டும் தரைக்கு அடியில் 'டக டக டக'வென்று பெரும் சத்தம் வந்து முன்சக்கரங்கள் இழுப்பதை விட்டுவிடுகின்றன. என்ன பார்க்க வேண்டும்?

பதில்: இங்கேதான் டிரான்ஸ்ஃபர் கேஸை முதலில் சந்தேகிக்க வேண்டும். பல பிக்கப்களில் அதற்குள் முன்பக்கத்துக்கு விசையைக் கொண்டுசெல்வது அகலமான ஓர் இரும்புச் செயின். அது காலப்போக்கில் நீண்டு தளரும். சாதாரணச் சுமையில் தளர்ச்சி தெரியாது. 4எல் நிலையின் பெருவிசையில் செயின் ஸ்பிராக்கெட்டின் பற்களைத் தாண்டிக் குதிக்கும். ஒவ்வொரு குதிப்பும் ஒரு 'டக்'. தளர்ந்த செயின் அலுமினிய உறையின் உட்சுவரில் உரசுவதும் உண்டு. ஆகவே ஆயிலை வடித்துப் பாருங்கள்: வெள்ளிச் சாந்துபோல் சாம்பல் நிறம் கலந்திருந்தால் உறை தேய்கிறது, காந்தத்தில் இரும்புத் துணுக்குகள் ஒட்டினால் பற்களோ பேரிங்கோ உதிர்கின்றன. காந்தத்தில் மாவுபோல் மெல்லிய கரும்பசை மட்டும் இருப்பது இயல்பு.

எனினும் ஹப்பின் மழுங்கிய பற்கள் சுமையில் வழுக்கினாலும் ஏறக்குறைய இதே சத்தம்தான் வரும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. சத்தம் வரும்போது பாதுகாப்பான தூரத்தில் வெளியே நிற்கும் ஒருவர் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கவனிக்கட்டும். ஷாஃப்ட் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தும் இரண்டு முன்சக்கரங்களும் நின்றால் பழுது ஷாஃப்டுக்கு அப்பால், அதாவது டிஃபரென்ஷியலிலோ ஹப்பிலோ உள்ளது. ஷாஃப்டே விட்டுவிட்டுத் துள்ளினால் டிரான்ஸ்ஃபர் கேஸ். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, 4எல் போட்டு, அடியில் படுத்துப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு சக்கரம் எதையாவது பற்றிக்கொண்டால் வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடும்; மேலும் சுமை இல்லாமல் சுற்றும்போது இந்தச் சத்தம் வரவும் வராது.

கேள்வி: முன் டிஃபரென்ஷியலின் பினியன் ஆயில் சீல் கசிந்ததால் மாற்றினோம். அதன் பிறகு 4எச் போட்டால் 'ஊ' என்று ஊளையிடும் சத்தம் வருகிறது. சீல் மாற்றியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: மிக நெருங்கிய தொடர்பு இருக்கலாம். பினியன் தண்டைத் தாங்கும் இரண்டு பேரிங்குகளும் ஒரு குறிப்பிட்ட இறுக்கத்தில் இருக்க வேண்டும். அந்த இறுக்கத்தைப் பல டிஃபரென்ஷியல்களில் நசுங்கும் தன்மையுள்ள ஒரு குழல்தான் நிர்ணயிக்கிறது. சீலை மாற்ற வேண்டுமானால் பினியன் நட்டைக் கழற்றியாக வேண்டும். திரும்ப முடுக்கும்போது பழைய குறியைத் தாண்டி முடுக்கினால் குழல் மேலும் நசுங்கி, பேரிங் அளவுக்கு மீறி இறுகி, சூடாகி, பாடத் தொடங்கும். குறைவாக முடுக்கினால் பினியன் முன்னும் பின்னும் அசைந்து, கிரவுனோடு பல் சேரும் இடம் மாறி, அதுவும் ஊளையிடும். உங்கள் மெக்கானிக் நட்டைக் கழற்றும் முன் குறியிட்டாரா, பினியனைச் சுற்றத் தேவைப்படும் முறுக்குவிசையை முன்னும் பின்னும் அளந்தாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று முடுக்கியிருந்தால் சந்தேகம் பலப்படும்.

ஊளையை மூன்று விதமாகக் கேட்டுப் பாருங்கள்: ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, காலை எடுத்து வண்டி என்ஜினால் வேகம் குறையும்போது, இரண்டும் இல்லாமல் சம வேகத்தில் மிதக்கும்போது. அழுத்தும்போது மட்டும் அல்லது விடும்போது மட்டும் வந்தால் பல் சேரும் இடம் பிசகியிருக்கிறது. மூன்றிலும் ஒரே மாதிரி வந்தால் பேரிங். இது எப்போதும் தவறாத விதி என்று சொல்லமாட்டேன். ஆனால் பிரிப்பதற்கு முன் திசை காட்டப் போதுமானது.

உங்கள் வண்டியில் கையால் பூட்டும் ஹப் இருந்தால் இன்னும் நல்ல சோதனை ஒன்று செய்யலாம். ஹப்புகளைப் பூட்டிவிட்டு, லீவரை 2எச்சிலேயே விட்டு ஓட்டுங்கள். இப்போது சக்கரங்கள் ஆக்சிலையும் டிஃபரென்ஷியலையும் முன் ஷாஃப்டையும் சுற்றவைக்கும். ஆனால் எதன்மீதும் சுமை இருக்காது. ஊளை இப்போதும் கேட்டால் அது சுமையால் மட்டும் வருவதல்ல. அடுத்து முன் ஷாஃப்டைக் கழற்றிவைத்து அதேபோல் ஓட்டுங்கள். அப்போதும் கேட்டால் ஷாஃப்டும் டிரான்ஸ்ஃபர் கேஸின் செயினும் கியரும் குற்றமற்றவை. மிஞ்சுவது டிஃபரென்ஷியலும் ஹப்பும்தான். ஷாஃப்டின் முனை டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நழுவி நுழையும் வகையாக இருந்தால், கழற்றியதும் ஆயில் கொட்டும் என்பதால், துளையை அடைக்காமல் ஓட்டக்கூடாது.

கேள்வி: சஸ்பென்ஷனை உயர்த்திய பிறகு 60 கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிர்கிறது. வீல் பேலன்ஸ் இரண்டு முறை செய்தும் பயனில்லை.

பதில்: அதிர்வை எண்ணிப் பார்த்தால் அது சக்கரத்தைச் சேர்ந்ததா என்பது தெரிந்துவிடும். 2.35 மீட்டர் சுற்றளவுள்ள டயர், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏழு முறை சுற்றும். இந்த ஆட்டத்தைக் கையால் எண்ண முடியாவிட்டாலும் ஸ்டியரிங்கில் தனித்தனி உதறலாக உணரலாம். ஆக்சிலின் விகிதம் 4.1 என்றால், அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 4.1 முறை சுற்றினால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே வேகத்தில் வினாடிக்கு 29 முறை சுற்றும். அதன் பேலன்ஸ் கெட்டிருந்தால் இருக்கையிலும் தரையிலும் நடுக்கம் தெரியும். ஷாஃப்டின் கிராஸ் கோணம் பிசகியிருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 58 முறை அதிர்வு வரும். அது நடுக்கமாக இல்லாமல் காதை அடைக்கும் ரீங்காரமாகக் கேட்கும். கைப்பேசியில் அதிர்வை அளக்கும் செயலி இருந்தால் இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயர்த்திய பிறகு தொடங்கியது என்பதால் என் பந்தயம் மூன்றாவதன் மேல்.

கிராஸ் ஜாயிண்ட் கோணத்தோடு சுற்றும்போது ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தி, இரண்டு முறை பிந்தும். கோணம் 10 பாகையாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1.5 சதவீதம், 20 பாகை என்றால் 6 சதவீதத்துக்கும் மேல். கோணம் இரு மடங்காக, ஏற்ற இறக்கம் நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். ஷாஃப்டின் இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்து, கிராஸைப் பிடிக்கும் கவை போன்ற இரு முனை யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் பொருந்தியிருந்தால், ஒரு முனையின் தவறை மறுமுனை சரிசெய்துவிடும். ஷாஃப்டைப் பிரிக்கும்முன் கோடு போட வேண்டும் என்று முன்னே சொன்னது இதற்காகத்தான். ஸ்பிளைனை ஒரு பல் மாற்றிச் செருகினாலும் இந்தச் சமன் குலையும். திரும்பும் சக்கரங்களுக்குக் கிராஸ் ஜாயிண்ட் ஒத்துவராததால்தான், 1920களில் ஆல்ஃபிரட் ரெசெப்பா ஆறு குண்டுகள் கொண்ட, எந்தக் கோணத்திலும் சீராகச் சுற்றும் ஜாயிண்டை உருவாக்கினார், இன்றைய சி.வி., அதாவது சீர்வேக, ஜாயிண்டுகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை.

கோணம் காட்டும் மட்டப்பலகையை டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிவரும் யோக்கிலும், ஷாஃப்டிலும், பினியன் யோக்கிலும் வைத்து மூன்று அளவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். வண்டி தன் சக்கரங்களின்மீதே நிற்க வேண்டும். தூக்கி நிறுத்தி அளந்தால் சஸ்பென்ஷன் தொங்கித் தவறான அளவு வரும். இரு முனைக் கோணங்களுக்கும் இடையே ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இலை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்பு வைத்துப் பினியனைச் சாய்த்துச் சரிசெய்ய வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்தில் இரட்டைக் கிராஸ் உள்ள ஷாஃப்டாக இருந்தால் மட்டும் கணக்கு வேறு: அதில் பினியன், ஷாஃப்டை நேராகப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடுவிலுள்ள சென்டர் பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள். உயர்த்தியவர்கள் அதை அதே உயரத்தில் விட்டிருந்தால், சிறு தகடு வைத்து அதைச் சற்று இறக்கிப் பொருத்துவதிலேயே ரீங்காரம் நின்றுபோன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.